மண் கலயமும் மழைக்காலமும்

எங்கள் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கூண்டு தொங்கியது. அதற்குள் இரண்டு சிறு கிளிகள். நம் ஊரில் எல்லோரும் அவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என்றுதான் சொல்வார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளி. இது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். பெயர் எதுவானால் என்ன? அந்த வீட்டுப் பையனுக்கு அவை உயிர். பக்கவாட்டில் துளையிட்ட மண் கலயம் ஒன்றைக் கூண்டின் மூலையில் கட்டி வைத்திருந்தான். ஒரு வருஷத்துக்குள் அந்தக் கலயத்திலிருந்து நான்கு ஈடு குஞ்சுகள் வெளியே வந்தன. தெருவில் பாதி வீடுகளுக்கு அவன்தான் குஞ்சு கொடுத்த வள்ளல்.

ஐந்தாவது ஈட்டின்போது ஒரு நாள் காலையில் பெட்டைப் பறவை கூண்டின் தரையில் இறகுகளை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முட்டை வெளிவராமல் சிக்கிக்கொண்டது என்பது பிறகுதான் தெரிந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வேளா வேளைக்குத் தினை போட்டேனே, மாமா. ஏன் செத்துப் போச்சு?" என்று பையன் கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிக்கொண்டு போனேன். அந்தத் தேடல் என்னை ஒரு பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டது.

ஐப்பசி பிறந்தால் மழை என்று நாம் நம்பியிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் அப்படிப்பட்ட பஞ்சாங்கம் கிடையாது. மழை எந்த மாதத்திலும் வரும். வருஷக் கணக்கில் வராமலும் இருக்கும். அங்கே வாழும் பட்ஜெரிகர் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரையும் புல் விதையையும் தேடி நாடோடியாகத் திரிகிறது. மழை பெய்து புல் கதிர் விட்டதோ இல்லையோ, உடனே யூகலிப்டஸ் மரத்தின் பொந்துக்குள் புகுந்து முட்டையிடத் தொடங்கிவிடும். நல்ல நாளுக்குக் காத்திருக்க அதற்கு நேரம் இல்லை. விதை இருக்கும் வரைக்கும் ஈட்டின்மேல் ஈடாகக் குஞ்சு பொரிக்கும். புல் காய்ந்ததும் நிறுத்திவிட்டுப் பறந்துவிடும். வறட்சியில் ஆயிரக்கணக்கில் மடிகிற இனம், இந்த அவசரத்தால்தான் பிழைத்து வந்திருக்கிறது.

1805-லேயே ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் இப்பறவையை வர்ணித்து எழுதிவிட்டார். ஆனால் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் கூல்ட். பறவைப் படங்கள் நிறைந்த பெரிய புத்தகங்களை வெளியிட்டுப் புகழ்பெற்றவர். 1838-ல் மனைவி எலிசபெத்துடன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய புத்தகங்களுக்குப் பல படங்களை வரைந்தவர் அந்த அம்மாள்தான். அவருடைய சகோதரர் சார்லஸ் காக்ஸன் நியூ சௌத் வேல்ஸில் குடியேறியிருந்தார். அவர் வளர்த்த பட்ஜெரிகர்களோடு 1840-ல் கூல்ட் ஊர் திரும்பினார். மெல்லிய குரலில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தப் பறவைக்குப் 'பாடும் கிளி' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை வைத்தார்.

கணவர் புகழை அறுவடை செய்தார். எலிசபெத் மறு வருஷமே, 1841-ல், தம்முடைய எட்டாவது பிரசவத்தை அடுத்து வந்த ஜுரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 37.

அதன் பிறகு பறவைகள் பல்லாயிரக் கணக்கில் கப்பலேறின. கடற்பயணத்திலேயே மடிந்தவை அநேகம். பிழைத்து வந்தவற்றிடம் ஐரோப்பியர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். மற்றக் கிளிகள் கூண்டில் முட்டையிட எளிதில் இணங்குவதில்லை. இதுவோ குடைந்த மரத்துண்டு ஒன்றோ, தேங்காய் மட்டையோ கிடைத்தால் போதும் என்றது. 4 முதல் 6 முட்டை வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடும். பெட்டைதான் அடைகாக்கும், ஆண் பறவை இரை கொண்டுவந்து அதன் வாயில் ஊட்டும். சுமார் 18 நாளில் முதல் குஞ்சு கண் திறக்காமல், உடம்பில் ஓர் இறகும் இல்லாமல் வெளிவரும். கடைக்குட்டி பொரிப்பதற்குள் மூத்ததற்குப் பத்து நாள் வயதாகிவிடும். ஆனாலும் தாய்க்குக் கணக்குத் தவறுவதில்லை. மிகச் சின்னதற்குத் தன் இரைப்பையில் சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் கொடுக்கும். பெரியவற்றுக்கு ஊறிய தானியத்தைக் கொடுக்கும். ஒரு மாதம் கழிந்ததும் குஞ்சுகள் துளை வழியே எட்டிப் பார்த்து உலகத்துக்கு வரும். அதற்குள் பல சமயம் தாய் அடுத்த ஈட்டுக்குத் தயாராகியிருக்கும்.

காட்டுப் பறவையின் நிறம் பச்சை. கூண்டில் தலைமுறைகள் பெருகப் பெருகப் புது நிறங்கள் தலைகாட்டின. பெல்ஜியத்தில் 1870-களில் மஞ்சள். 1880-ஐ ஒட்டி வான நீலம். 1910-ல் நீலப் பறவைகள் லண்டன் காட்சிக்கு வந்தபோது ஜனங்கள் வியந்து போனார்கள். 1920-களில் ஜப்பானியச் செல்வந்தர்களிடையே காதலிக்கு நீலப் பறவையைப் பரிசளிப்பது நாகரிகமாயிற்று. ஜோடி 100 பவுனுக்கு மேல் விலை போனது. ஐரோப்பாவில் கண்டவர்களெல்லாம் கூண்டு கட்டினார்கள். பெட்டைகள் ஓயாமல் முட்டையிட்டன. மோகம் தணிந்ததும் விலை சரிந்தது. கூண்டுகளில் நீலப் பறவைகள் மிஞ்சின.

அந்த நீலம் என்ன என்பதை அறிந்தால் சிரிப்பு வரும். பட்ஜெரிகரின் இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது. அதன்மேல் மஞ்சள் நிறமி படிந்தால் பச்சை. நீலப் பறவை அந்த மஞ்சளை உண்டாக்கத் தெரியாத பறவை, அவ்வளவுதான். ஜெர்மனியில் பிரெமென் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் டுங்கர், செல்வரான கிரேமரின் பறவைக்கூடங்களில் 1920-களில் ஆராய்ந்து, நீலம் பரம்பரையில் ஒளிந்து வரும் வகையை விளக்கினார். பார்வைக்குப் பச்சையான தாயும் தந்தையும் நீலத்தை மறைத்து வைத்திருந்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று நீலமாகப் பிறக்கும். 2017-ல் விஞ்ஞானிகள் காரணத்தையே பிடித்துவிட்டார்கள். ஒரு ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பத்திரிகைக்காரன் பாஷையில் சொன்னால், ஓர் அச்சுப் பிழை. அந்தப் பிழைக்குத்தான் 100 பவுன்!

இத்தனையையும் படித்த பிறகு பையனின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பாலைவனத்தில் பறவையை நிறுத்தச் சொல்வது வறட்சி. தாழ்வாரத்தில் வறட்சி ஏது? தினை தீர்வதில்லை, தண்ணீர் வற்றுவதில்லை, பொந்து மறைவதில்லை. அதன் உடம்புக்கு வருஷம் முழுவதும் மழைக்காலம். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பை எலும்பிலிருந்துகூட எடுத்துக் கொடுத்துவிட்டு, 'போதும்' என்று சொல்லத் தெரியாமல் அது ஐந்தாவது ஈட்டுக்கும் கலயத்துக்குள் போயிற்று. எலிசபெத் அம்மாளின் ஞாபகம் எனக்கு அப்போது வந்தது. நம் பாட்டிமார் பலருடைய ஞாபகமும் வந்தது.

பையனிடம் இதையெல்லாம் அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "நீ செய்த தப்பு பட்டினி போட்டதல்ல, அப்பா. கலயத்தைக் கழற்றாததுதான். வருஷத்துக்கு இரண்டு ஈடு போதும். ஒரு வயது நிரம்பாத பெட்டைக்குக் கலயமே வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கணவாய் ஓடு விற்பார்கள். அதை வாங்கிக் கூண்டில் எப்போதும் கட்டி வை."

மூன்றாம் ஈட்டில் பிறந்த நீலப் பெட்டை ஒன்று அவனிடம் மிஞ்சியிருந்தது. அடுத்த வருஷம் வேறு வீட்டிலிருந்து வந்த ஆணோடு அது ஜோடி சேர்ந்தது. இரண்டாவது ஈட்டுக் குஞ்சுகள் தாமாகவே தினை கொறிக்கத் தொடங்கிய அன்று, பையன் ஸ்டூலின்மேல் ஏறிக் கலயத்தைக் கழற்றிப் பரணில் வைத்தான். பெட்டை இரண்டு நாள் வரை அந்த மூலையிலேயே தொத்திக்கொண்டு காணாமல் போன பொந்தைத் தேடியது. பையன் முகம் வாடிப் போயிற்று. "மறுபடியும் கட்டிடட்டுமா, மாமா?" என்று இரண்டு தடவை வந்து கேட்டான்.

மூன்றாம் நாள் காலையில் அவனே ஓடி வந்தான். நான் போய்ப் பார்த்தேன். பெட்டை நடுக் குச்சியில் உட்கார்ந்து, ஆண் பறவை தலையைக் கோதிவிட, கண்ணை மூடிக்கொண்டிருந்தது.