கனசதுரங்களைச் சுற்றி ஒரு வேலி

நான் பத்திரிகைத் துறைக்கு வந்த காலத்தில் ஒளிப்படங்கள் 'புளொக்' செய்யப்பட்டே அச்சேறின. உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் முகம் மறைந்து வெறும் புள்ளிகளே எஞ்சும். புள்ளிகளிலிருந்து உருவம் பிறக்கும் விந்தை அன்றே என்னைப் பற்றிக்கொண்டது. மருத்துவப் படங்களில் அதே விந்தைக்கு வேலி போடப்பட்டிருந்த கதையைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

1971 ஒக்டோபரில் இலண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.ரி. ஸ்கான் செய்யப்பட்டது. உடலை வெட்டாமலே வெட்டுமுகங்கள் கிடைத்தன. ஆனால் அவை பாண் துண்டுகளைப் போன்றவை. முழுப் பாணின் வடிவத்தை மருத்துவர் மனக்கண்ணால்தான் காணவேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் இலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் லொரென்சன், கிளைன் இருவரும் இதற்கு வழி கண்டனர். அடுத்தடுத்த இரு வெட்டுமுகங்களில் நான்கு நான்கு புள்ளிகளை எடுத்தால் எட்டு மூலைகளுடைய ஒரு கனசதுரம் அமையும். ஒவ்வொரு மூலையும் எலும்புக்கு உள்ளேயா, வெளியேயா? விடைகள் 256 விதமாக அமையலாம். சுழற்றியும் உள்வெளி மாற்றியும் பார்த்தால் அவை 15 வகைகளுக்குள் அடங்கிவிடும். எந்த வகைக்கு எந்த முக்கோணங்கள் என்ற அட்டவணை இருந்தால் போதும். கணினி கனசதுரம் கனசதுரமாக நடந்து மண்டையோட்டின் மேற்பரப்பை முக்கோண வலையாகப் பின்னிவிடும். 'மார்ச்சிங் கியூப்ஸ்' என்ற பெயரும் அதனால் வந்ததே.

ஆய்வுக் கட்டுரை 1987 இல் வெளிவந்தது. காப்புரிமைக்கான விண்ணப்பமோ 1985 யூனிலேயே போடப்பட்டிருந்தது! மற்றவர்கள் உரிமம் பெறவேண்டும், அல்லது சுற்றுப்பாதையில் போகவேண்டும். பலர் கனசதுரத்தை நான்முகிகளாக வெட்டிச் சுற்றிப் போனார்கள். நான்முகிக்கு 16 நிலைகளே உண்டு. குழப்பமில்லை, ஆனால் முக்கோணங்கள் பெருகின.

இதைவிட விசித்திரம், லொரென்சனும் நண்பர்களும் 1993 இல் உருவாக்கத் தொடங்கி மூலநிரலோடு வெளியிட்ட வி.ரி.கே. மென்பொருள். அதில் கனசதுர நிரல் மட்டும் 'காப்புரிமை பெற்றவை' என்ற தனி அடைவில் வைக்கப்பட்டிருந்தது. வணிகப் பயன்பாட்டுக்குச் சொந்த நிறுவனத்தின் அனுமதி தேவைப்பட்டது.

வேலி தவறென்றே சொல்ல என் பேனா துடிக்கிறது. எனினும் ஒன்றை மறைக்கலாகாது. கட்டுரை பகிரங்கமாக இருந்தபடியால்தான் 1988 இல் டூர்ஸ்ட் என்பவர் அதன் ஓட்டையைக் கண்டார். சில நிலைகளில் அடுத்தடுத்த கனசதுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வலையில் துளை விழுந்தது. கண்ணால் பார்ப்பதற்கு அது சிறு குறைதான். இரத்தக் குழாயில் குருதியோட்டத்தைக் கணிக்க முனைபவருக்கோ துளைவிழுந்த வலை பயன்படாது. 1991 இல் நீல்சன், ஹாமன் இருவரும் தீர்வொன்றை முன்வைத்தனர். 1995 இல் சேர்ன் ஆய்வுகூட அறிக்கையொன்றில் செர்ன்யாயேவ் அந்த 15 வகைகளை 33 ஆக விரித்தார்.

2005 யூனில் காப்புரிமை காலாவதியாயிற்று. அந்தத் தனி அடைவும் பின்னர் அகற்றப்பட்டது. இன்று இலவச மென்பொருளான 3டி ஸ்லைசரில் எந்த மாணவரும் இம்முறையைக் கையாளலாம். சுற்றிப் போனவர்களின் நான்முகிகளும் வழக்கொழியவில்லை. செயற்கை நுண்ணறிவு கொண்டு முப்பரிமாண உருவங்களை ஆக்குவோர் இப்போது அவற்றைத் தேடி எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.