காய்ச்சல் என்னும் ஒரு சொல்: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து இறப்புப் பதிவும் மரணக் காரணமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிலப்பகுதியின் இறப்புப் போக்கை அறிய ஆய்வாளர் முதலில் நாடுவது இறப்புப் பதிவேடு. அப்பதிவேட்டில் காணப்படும் மரணக் காரணம் நோயின் பெயர் மட்டுமன்று. யார் சொன்னார், யார் எழுதினார், எழுதுவதற்கு எத்தனை கட்டங்கள் இருந்தன என்பவற்றின் விளைவும் ஆகும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் தனி வட்டமாக விளங்கும் உத்திரமேரூர்ப் பகுதியை முன்வைத்து, 19ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை கிராமப்புற மரணக் காரணங்கள் எழுதப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இலங்கையின் பதிவு மரபு ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், செங்கல்பட்டு, இறப்புப் பதிவு, மரணக் காரணம், தாதுவருடப் பஞ்சம், வாய்மொழி விசாரணை

முன்னுரை

உத்திரமேரூர் என்றவுடன் வரலாற்று மாணவர் நினைவில் எழுவது முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, வாரிய உறுப்பினருக்குரிய தகுதிகளைக் கூறுமிடத்து, முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்குகின்றன. ஏரிக்கும் தோட்டத்திற்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியம் அமைத்துக் கணக்கைப் பொதுவாழ்வின் ஒழுக்கமாகக் கருதிய ஊர் அது.

எனினும் அக்கணக்குகள் நிலம், நீர், வரி, கொடை ஆகியவற்றைப் பற்றியவை. ஊரில் ஆண்டுதோறும் எத்தனை பேர் இறந்தனர், எதனால் இறந்தனர் என்னும் வினா அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இந்நிலை நெடுங்காலம் நீடித்தது. 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்டு நடத்திய செங்கல்பட்டு ஜாகீர் அளவாய்வு, ஏறத்தாழ 2,000 ஊர்களின் வீடுகளையும் சாதிவாரியான குடிகளையும் நீர்நிலைகளையும் விளைச்சல் பங்கீட்டையும் விரிவாகத் தருகிறது. இறப்பு அங்கும் எழுதப்படவில்லை. அளவாய்வு முடிந்து சில ஆண்டுகளில், 1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியின் படைகளும் கும்பினிப் படைகளும் மோதின. அப்போரும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் விளைவித்த அழிவை, கைவிடப்பட்ட நிலத்தையும் உடைந்த ஏரிகளையும் கொண்டே பிற்கால அதிகாரிகள் கணித்தனர். மனித இழப்பு வரி இழப்பின் வழியாகவே தெரியவந்தது.

பதிவேட்டின் கட்டங்களும் ஊரின் சொற்களும்

சென்னை மாகாணத்தில் கிராம அளவிலான இறப்புப் பதிவு 1860களில் சுகாதார நிர்வாகம் உருவானதை ஒட்டி வளர்ந்தது. 1899ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமாகிய சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. கிராமத்தில் பதிவுப் பொறுப்பு வரி வசூலையும் காவலையும் கவனித்த கிராம முன்சீப்பிடமே இருந்தது. ஊரில் நிகழ்ந்த சாவு, தலையாரி, வெட்டியான் முதலிய ஊர்ப் பணியாளர் வாயிலாக அவரை எட்டியது. அவர் எழுதியது வட்டத்திற்கும் மாவட்டத்திற்கும் சென்று, சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கையில் அச்சேறியது.

இச்சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் மருத்துவர் இல்லை என்பது கருதத்தக்கது. இறந்தவரைக் கண்டவர் எழுதவில்லை; எழுதியவர் பெரும்பாலும் இறந்தவரைக் காணவில்லை. ஊரும் சேரியும் பிரிந்து, இடுகாடும் சுடுகாடும் சாதிவாரியாக அமைந்திருந்த சூழலில், எல்லாச் சாவும் ஒரே விரைவில் முன்சீப்பின் செவியை எட்டியிருக்கும் எனக் கொள்வதற்கும் இடமில்லை.

மரணக் காரணத்திற்கெனத் தரப்பட்ட கட்டங்கள் சிலவே: வாந்திபேதி, வைசூரி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயமும் விபத்தும், ஏனையவை. பிளேக், மூச்சுக்குழல் நோய்கள் முதலியன பின்னர்ச் சேர்ந்தன. சித்த மருத்துவ மரபோ நோய்களை 4,448 எனத் தொகை கூறுகிறது. மக்கள் வழக்கிலும் சன்னி, கிராணி, மாந்தம், கணை, சோகை, மகோதரம், இளைப்பு, க்ஷயம் என வேறுபடுத்தும் சொற்கள் மிகுதி. வைசூரியை நேரே சொல்ல அஞ்சி 'அம்மை வார்த்திருக்கிறது' என்று மங்கலமாகக் கூறும் வழக்கும் உண்டு. ஆயினும் முத்தும் தழும்பும் ஐயத்திற்கு இடமளிக்காதவை. ஆகவே வைசூரிக் கட்டம் ஓரளவு நம்பத்தக்கது. ஊரில் பரவும்போது வாந்திபேதியும் அவ்வாறே அடையாளம் காணத்தக்கது.

சிக்கல் காய்ச்சலில்தான். மலேரியா, குடற்காய்ச்சல், நுரையீரல் அழற்சி, காசநோயின் இறுதி நிலை ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. மகப்பேற்றை அடுத்து வரும் சன்னியில் இறந்த தாயும் அதே கட்டத்தில் மறையக்கூடும். ஊரார் வழக்கில் வேறுபட்டிருந்த துன்பங்கள் பதிவேட்டில் ஒன்றாயின. காலனியப் பதிவு மக்களின் அறியாமையால் குறைபட்டது என்னும் பொதுக்கருத்து இங்குத் திருத்தம் பெற வேண்டியுள்ளது. படிவத்தின் குறுக்கமும் இக்குறைபாட்டிற்குக் காரணமாகும்.

தாதுவருடப் பஞ்சமும் பசி இல்லாத பட்டியலும்

இக்குறுக்கம் எத்தகைய விளைவைத் தந்தது என்பதற்கு 1876–78ஆம் ஆண்டுகளின் பஞ்சம் தக்க சான்று. 1876இல் பருவமழை பொய்த்தது. 1877 தொடக்கத்தில் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாகக் கொண்ட கூலியைப் புகுத்தினார். அந்த அளவு உழைக்கும் உடலைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். செலவுக் கணக்கும் உடற்கணக்கும் நேருக்கு நேர் மோதிய விவாதம் அது.

பதிவேட்டில் பசிக்குக் கட்டம் இல்லை. பட்டினியால் நலிந்தவர் இறுதியில் வாந்திபேதியிலோ வயிற்றுப்போக்கிலோ காய்ச்சலிலோ இறந்தனர், அவ்வாறே எழுதப்பட்டனர். மழை திரும்பியபின் பரவிய மலேரியா, நலிந்த உடல்களில் பலரைக் கொன்றது. எழுதப்பட்ட காரணம் பொய்யன்று. ஆனால் முழு உண்மையுமன்று. பட்டினிச் சாவு என ஒப்புக்கொள்வது நிர்வாகத் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்பதையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும்.

எனவே பஞ்சத்தின் இழப்பை மதிப்பிட மரணக் காரணத்தைவிட மக்கள்தொகைக் கணக்கே உதவுகிறது. 1880இன் பஞ்ச ஆணையம் பிரித்தானிய இந்தியப் பகுதிகளில் ஏற்பட்ட மிகைச் சாவுகளை ஏறத்தாழ 52.5 லட்சம் என மதிப்பிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1871இல் ஏறத்தாழ 9.38 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 9.81 லட்சம் ஆயிற்று, 1891இல் 11.37 லட்சத்தை எட்டியது. முதல் பத்தாண்டில் வளர்ச்சி 5 விழுக்காட்டிற்கும் குறைவு. அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ 16 விழுக்காடு. மாகாணம் முழுவதும் மக்கள்தொகை குன்றிய பத்தாண்டில் இம்மாவட்டம் சிறிதே வளர்ந்தது எனத் தோன்றினும், இரு பத்தாண்டுகளுக்கும் இடையிலான வேறுபாடு பஞ்சத்தின் சுவட்டைக் காட்டுகிறது. பிறவாத குழந்தைகளும் ஊர் நீங்கியோரும் ஊர் வந்தோரும் அவ்வேறுபாட்டில் அடங்குவர் என்பதால், அதனை அப்படியே சாவின் எண்ணாகக் கொள்வது பொருந்தாது.

இலங்கை: செறிவான பதிவும் தீராத வினாவும்

பதிவு செம்மையாக இருந்திருப்பின் காரணம் தெளிவாகியிருக்குமா என்னும் வினா எழுகிறது. அதற்கு விடை காண இலங்கையின் வரலாறு உதவும். 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு குடிசார் பதிவு தொடங்கிய அத்தீவில், 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இறப்புப் பதிவு இந்தியக் கிராமங்களைவிடப் பெரிதும் நிறைவானது.

1934–35இல் அங்குப் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 1945 முதல் டி.டி.டி. தெளிப்புத் தொடங்கியது. 1946இல் ஆயிரத்திற்கு ஏறத்தாழ 20ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவிற்குச் சரிந்தது. குழந்தை இறப்பு வீதம் அதே ஓராண்டில் 141இலிருந்து 101 ஆயிற்று. இச்சரிவில் டி.டி.டி.யின் பங்கு பெரிது எனப் பீட்டர் நியூமன் வாதிட, மருத்துவ வசதியும் உணவும் ஆற்றிய பங்கை எஸ். ஏ. மீகம வலியுறுத்தினார். பின்னர் ஆர். எச். கிரேயும் இவ்விவாதத்தில் பங்கேற்றார்.

பதிவேடு கையில் இருந்தும் விவாதம் ஏன் தீரவில்லை? மலேரியாவால் இறந்த குழந்தை வலிப்பு என்றோ உடல் நலிவு என்றோ எழுதப்பட்டிருக்கக்கூடும். மலேரியா பிற நோய்களுக்கு வழி திறந்து, வேறொரு பெயரில் முடிந்திருக்கவும் கூடும். ஆகவே ஆய்வாளர்கள் காரணக் கட்டத்தை மட்டும் நம்பாது, மலேரியா மிகுந்த மாவட்டங்களையும் குறைந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு, மொத்த இறப்பு எங்கு எவ்வளவு குறைந்தது என நோக்கினர். எண்ணிக்கை திருந்தினாலும் காரணம் தானாகத் திருந்துவதில்லை என்பதே இலங்கை தரும் பாடம். செங்கல்பட்டுப் பதிவுகளைப் படிப்போருக்கும் இம்முறையே பொருந்தும்.

விடுதலைக்குப் பின்: முதுமை என்னும் காரணம்

1969இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது. 1980 நவம்பரில் தமிழகத்தில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம முன்சீப், கர்ணம் ஆகியோரின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் அமர்த்தப்பட்டார். ஊராட்சிகளில் இறப்பைப் பதியும் பணியும் அவரிடம் வந்தது. பரம்பரை உரிமை நீங்கியது பெரிய மாற்றம். ஆயினும் மருத்துவப் பயிற்சியற்ற வருவாய்த் துறை அலுவலரே மரணத்தைப் பதியும் நிலை தொடர்ந்தது.

இக்குறையை உணர்ந்து 1960களின் நடுப்பகுதியில் மாதிரிப் பதிவுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையம் அமைந்த ஊர்களில் களப்பணியாளர் வீடு சென்று, அறிகுறிகளைக் கேட்டுக் காரணத்தை எழுதினர். பின்னர் கிராமப்புற மரணக் காரண ஆய்வு எனப் பெயர் பெற்ற அத்திட்டத்தில் மிகுதியாக இடம்பெற்ற காரணங்களுள் ஒன்று 'முதுமை'. முதுமை நோயன்று. பழைய பதிவேட்டில் காய்ச்சல் வகித்த இடத்தைப் புதிய ஏட்டில் முதுமை பெற்றது எனலாம். 'வயசாயிடுச்சு, போயிட்டாரு' என்னும் வீட்டாரின் ஆறுதல்மொழி புள்ளிவிவரமாக மாறியது.

இதே காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம் மாற்றுவழி ஒன்றின் களமாயிற்று. 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 209 ஊர்களிலும் ஒரு நகரிலும் வீடுவீடாக மக்களைப் பதிந்து, ஊடுகதிர்ப் படமும் சளிப் பரிசோதனையும் கொண்டு காசநோயைத் தேடியது. 15 ஆண்டுத் தொடர்நோக்கின் முடிவில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அத்தடுப்பூசி பயன் தரவில்லை என வெளிப்பட்டது. நோய்ச் செய்தியை இறந்தோர் பதிவேட்டிலிருந்து ஊகிக்காமல் வாழ்வோரிடம் நேரே தேடிய முயற்சி என்னும் வகையில் அது இவ்வரலாற்றில் இடம்பெறத்தக்கது.

இறப்பின் அளவு இக்காலத்தில் வெகுவாகக் குறைந்தது ஐயத்திற்கு அப்பாற்பட்டது. மாதிரிப் பதிவு முறையின்படி தமிழகத்தின் குழந்தை இறப்பு வீதம் 1971இல் ஆயிரத்திற்கு 113, 2020இல் 13. வைசூரிக் கட்டம் 1970களில் நிலையாக வெறுமையாயிற்று. எண்ணிக்கை காட்டும் இவ்வெற்றிகளோடு ஒப்பிடக் காரணம் பற்றிய அறிவு பின்தங்கியே நின்றது.

வாய்மொழி விசாரணை

வீட்டில் நிகழும் சாவின் காரணத்தை அறிய அண்மைக்காலத்தில் கையாளப்படும் முறை வாய்மொழி விசாரணை. பயிற்சி பெற்ற களப்பணியாளர் இறந்தவரின் வீட்டாரைக் கண்டு, நோயின் தொடக்கம், போக்கு, அறிகுறிகள் ஆகியவற்றை விரிவாகக் கேட்டு எழுதுவார். மருத்துவர் அதனைப் படித்துக் காரணத்தை உய்த்துணர்வார். 1990களின் பிற்பகுதியில் சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் ஏறத்தாழ 80,000 பெரியவர்களின் சாவுகள் இம்முறையில் ஆராயப்பட்டன. காரணம் தெரியாதவை என விடப்பட்ட சாவுகளின் பங்கு கணிசமாகக் குறைந்தது. புகைபிடித்தலுக்கும் காசநோய்ச் சாவுக்கும் உள்ள தொடர்பை நிறுவியதில் வி. கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோரின் இப்பணிக்குச் சிறப்பிடம் உண்டு.

பாம்புக்கடி இம்முறையின் வலிமைக்கு மற்றொரு சான்று. பாம்புக்கடியால் வந்த சாவை வீட்டார் மறப்பதில்லை. அதன் காரணமும் பெரும்பாலும் ஐயமற்றது. தேசிய அளவில் பத்து லட்சம் சாவுகளை ஆராய்ந்த திட்டம் 2005ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழ 46,000 பாம்புக்கடிச் சாவுகளை மதிப்பிட்டது. அரசுக் கணக்குகள் காட்டிய எண்ணைவிட இது பன்மடங்கு மிகுதி. பெரும்பாலானவை மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தவை. நெல்வயல் சூழ்ந்த உத்திரமேரூர் போன்ற பகுதிகளுக்கு இம்முடிவு நேரே பொருள் உடையது. மக்கள் அறிந்திருந்தனர், கேட்பார் இல்லாததால் கணக்கு அறியவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் புலனாகின்றன. முதலாவது, காலனியக் கிராமப் பதிவேடுகளில் வைசூரி, வாந்திபேதி ஆகிய கட்டங்களைப் படிக்கும் முறையில் காய்ச்சல் கட்டத்தைப் படிக்க இயலாது. காய்ச்சல் ஒரு நோயின் பெயராகாமல், எழுதுபவரின் அறிவெல்லையைக் குறித்து நிற்கிறது. இரண்டாவது, பஞ்சச் சாவுகளின் காரணத்தை உயிர் பிரிந்த வேளையின் நோயில் மட்டும் தேடினால் பசி வரலாற்றிலிருந்து நீங்கிவிடும். மூன்றாவது, மரணக் காரணத்தைப் பற்றிய மக்களின் அறிவு பதிவேடுகள் காட்டுவதைவிட நுட்பமானது. வாய்மொழி விசாரணை அதனை மெய்ப்பித்துள்ளது.

இவை கடந்தகாலத்தோடு முடிவன அல்ல. 2020இல் இந்தியாவில் பதிவான சாவுகளுள் மருத்துவரின் காரணச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடு மட்டுமே. 2023இன் திருத்தச் சட்டம் மருத்துவ நிறுவனங்களில் நிகழும் சாவுகளுக்குக் காரணச் சான்று வழங்குவதையும், அதன் படியை நெருங்கிய உறவினருக்கு அளிப்பதையும் கட்டாயமாக்கியுள்ளது. மருத்துவர் பார்க்காமல் வீட்டிலேயே நிகழும் சாவுகளின் நிலை இதனால் பெரிதும் மாறுவதற்கில்லை. வீட்டில் இறக்கும் முதியவரும் வயலில் மயங்கி விழும் உழவரும் எதனால் இறந்தனர் என்னும் கேள்வி இன்றும் கிராம நிர்வாக அலுவலரின் ஏட்டில் ஒரு சொல்லோடு முடியக்கூடும். எந்த நோய்க்கு மருந்தும் மருத்துவரும் எவ்வளவு தேவை என்பதை அரசு அந்தச் சொற்களின் கூட்டுத்தொகையைக் கொண்டே திட்டமிடுகிறது. ஆதலின் இறப்புப் பதிவேட்டை எழுதும் முறையும் படிக்கும் முறையும் உயிரோடிருப்போரின் நலனைப் பற்றியனவே ஆகும்.