முதியோர் ஏந்திய வில்
(திருவனந்தைப் பள்ளிவேட்டை பற்றிய வரலாற்றுக் கட்டுரை)

வில் என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் தோன்றுவது இளமையே. திரண்ட தோளும், கூரிய கண்ணும், காடு மேடு கடந்து விரையும் காலும் உடையவனே வில்லாளன் என்பது நெடுநாளைய எண்ணம். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூறு போற்றும் வல்வில் ஓரியை நரைத்த தலையோடு எவரும் கற்பனை செய்வதில்லை. ஆயினும், நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தை நகரில் ஆண்டுக்கு இருமுறை நிகழும் வேட்டையில், வில்லை ஏந்தும் கடமை குடும்பத்தின் மூத்தவருக்கே உரியது. இளையோர் பலர் சூழ நிற்க, முதியவர் ஒருவர் நாண் பூட்டி அம்பு தொடுக்கும் அக்காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதன் வரலாற்றையும், அவ்வரலாறு நமக்கு உணர்த்துவதையும் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேரர் கொடியும் திருவனந்தைக் கோயிலும்

மூவேந்தருள் சேரருக்குரிய இலச்சினை வில் என்பதை நாம் அறிவோம். சோழருக்குப் புலியும் பாண்டியருக்குக் கயலும் போன்று, சேரருக்கு வில்லே கொடியிலும் காசிலும் விளங்கிற்று. பிற்காலத்தில் திருவிதாங்கூர் அரசர் தம் இலச்சினையாகச் சங்கினைக் கொண்டனர். எனினும் தம்மைச் சேரர் வழியினராகவே கருதிக் குலசேகரப் பெருமாள் என்னும் பட்டத்தையும் தாங்கினர். சங்குக் கொடியினரான பின்னரும் பழைய வில் அவர்கள் கையை விட்டு நீங்கவில்லை. போர்க்களத்தில் துப்பாக்கியும் பீரங்கியும் வந்துவிட்ட பிறகும் அது கோயில் விழாவில் நிலைத்து நின்றது.

பத்மநாபசுவாமி கோயில் தமிழருக்கு அயலான தன்று. நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடிய திருப்பதிகளுள் இதுவும் ஒன்று. இங்கு நடைபெறும் இரு பெருவிழாக்களின் பெயரே இதற்குச் சான்று. மலையாள நாட்டார் மாதங்களைத் துலாம் என்றும் மீனம் என்றும் வழங்குவர். ஆனால் இக்கோயில் விழாக்களோ அல்பசி உற்சவம் என்றும் பைங்குனி உற்சவம் என்றும் பெயர் பெறுகின்றன. அல்பசி என்பது நம் ஐப்பசியே. பைங்குனி என்பது நம் பங்குனியே. நாட்டு வழக்கு மாறியும் கோயில் வழக்கு மாறாது நின்ற இத்தகைய சிறு சொற்களில்தான் பழைய வரலாறு உறங்குகிறது.

மார்த்தாண்டவர்மர் 1741 ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக்காரரை வென்று, 1750 ஆம் ஆண்டு தம் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கே உரிமையாக்கினார். அச்செயல் திருப்படிதானம் எனப்படும். அதுமுதல் அரசர் பத்மநாபதாசர் ஆயினர். இறைவனே நாட்டுக்கு உடையவர், மன்னர் அவர் பணியாளர் என்பது முறையாயிற்று. ஆகவே பள்ளிவேட்டையில் மன்னர் அம்பெய்வதும் தம் வீரத்தைக் காட்டுவதற்காக அன்று. வேட்டைக்கு எழுந்தருள்பவர் இறைவன். அவருக்காக வில்லை ஏந்துபவர் அடியவர். இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

பள்ளிவேட்டை நிகழும் முறை

ஐப்பசி விழா அத்த நாளில் கொடியேறித் திருவோணத்தில் நிறைவுறும். பங்குனி விழா உரோகிணியில் தொடங்கி அத்தத்தில் முடியும். இரண்டும் பத்து நாள் விழாக்கள். 9 ஆம் நாள் இரவு பள்ளிவேட்டை. 10 ஆம் நாள் ஆறாட்டு.

வேட்டைக்குப் புறப்படும் ஊர்வலத்தில் வாத்திய முழக்கம் இராது. வேட்டையாடுபவன் விலங்கு அறியாவண்ணம் அடியொற்றிச் செல்வதுபோல அனைவரும் அமைதியாக நடப்பர். கோட்டைக்குள் சுந்தரவிலாசம் அரண்மனையின் முன்னர் அமைக்கப்படும் வேட்டைக்களத்தை அடைந்ததும், அரச குடும்பத் தலைவர் வில்லை வாங்கி, அங்கே வைக்கப்பட்டுள்ள இளநீரின்மீது அம்பெய்வார். தீமையை அழித்தலின் அடையாளமாக அவ்விளநீர் கருதப்படுகிறது. வேட்டை முடிந்தபின் ஊர்வலம் முழக்கத்தோடு கோயிலுக்குத் திரும்பும். மறுநாள் மாலை சங்குமுகம் கடற்கரைக்கு ஆறாட்டு ஊர்வலம் செல்லும்போது, குடும்பத் தலைவர் உருவிய வாளுடன் உடன் செல்வார். ஊர்வலம் விமானத் தளத்தின் ஓடுபாதையைக் கடந்தே கடலை அடைதல் வேண்டுமாதலின், ஆண்டில் அவ்விரு நாள்களிலும் சில மணி நேரம் விமானங்கள் பறப்பதில்லை. விண்ணூர்திகளும் வழிவிட்டு நிற்கும் இவ்வழக்கம் உலகில் அரிதெனலாம்.

இத்தகைய வேட்டை விழா தமிழகத்தாருக்கும் புதிதன்று. விசயதசமி நாளில் கன்னியாகுமரி பகவதியம்மன் மகாதானபுரத்திற்கு எழுந்தருளிப் பாணாசுரனை அழிக்கும் பரிவேட்டையை நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கு வந்தோர் நன்கறிவர். கொங்கு நாட்டுக் கோயில்களில் வன்னி மரத்தில் அம்பு போடும் விழாவும் இதன் உடன்பிறப்பே.

ஒரு வில், இரு பெரியவர்

மருமக்கள் தாயப்படி ஆண்மக்களுள் மூத்தவரே குடும்பத் தலைவர் ஆவர். இம்முறையின் விளைவை ஆழ்ந்து நோக்குக. தலைமை தமையனிடமிருந்து தம்பிக்கோ, மாமனிடமிருந்து மருமகனுக்கோ செல்வதால், அது கைக்கு வரும்போதே ஒருவர் முதுமையை எட்டியிருக்கக் கூடும். ஏனைய கடமைகளில் மனிதன் ஓய்வுபெறும் வயதில், இக்குடும்பத்தார்க்கு வில்லேந்தும் கடமை தொடங்குகிறது.

சித்திரைத் திருநாள் பலராமவர்மர் 1912 ஆம் ஆண்டு பிறந்தவர். 1931 நவம்பரில், 19 வயது நிறையும் தறுவாயில், ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1936 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டுப் புகழ் பெற்றார். அவரது காலத்தில் நாடே மாறிற்று. 1949 சூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அவர் இராசப்பிரமுகர் ஆனார். 1956 நவம்பரில் கேரள மாநிலம் அமைந்தபோது அப்பதவியும் நீங்கிற்று. நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்தது. 1971 ஆம் ஆண்டில் மன்னர் மானியமும் பட்டங்களும் அரசியல் சட்டத் திருத்தத்தால் ஒழிந்தன. முடி போயிற்று, நாடு போயிற்று, பட்டமும் போயிற்று. பத்மநாபதாசர் என்னும் பணி மட்டும் அவரிடம் எஞ்சியது. இளைஞராக ஏற்ற அப்பணியை 1991 சூலையில் தமது 78 ஆம் வயதில் மறையும் வரை ஏறத்தாழ 60 ஆண்டுகள் தாங்கினார்.

அவர்பால் இன்னொரு சிறப்பும் உண்டு. 1934 ஆம் ஆண்டு பெரியாற்று நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டை நெல்லிக்காம்பட்டி என்னும் பெயரால் விலங்குகளின் புகலிடமாக அறிவித்தவர் அவரே. இன்று தேக்கடி என நாம் சென்று காணும் பெரியாறு சரணாலயத்தின் தொடக்கம் அதுதான். வேட்டைக்களத்தில் வில்லேந்திய மன்னரே காட்டு விலங்குக்குக் காவலரும் ஆனார். உயிரை எய்யாமல் இளநீரை எய்யும் விழாவின் பொருள் இதனால் இன்னும் தெளிவாகிறதன்றோ?

அவருக்குப் பின் தலைமை ஏற்ற தம்பியார் உத்திராடத் திருநாள் மார்த்தாண்டவர்மர் 1922 ஆம் ஆண்டு பிறந்தவர். 1991 இல் பொறுப்பு வந்தபோது அவருக்கு வயது 69. அரசுப் பணியில் இருப்போர் ஓய்வூதியம் பெறத் தொடங்கிப் பல்லாண்டு கழிந்த வயது அது. அவரோ அவ்வயதில் வில்லையும் வாளையும் ஏந்தத் தொடங்கி, எண்பதைக் கடந்த பின்னரும் அக்கடமையை ஆற்றி வந்தார். ஐப்பசிப் பள்ளிவேட்டை பெரும்பாலும் வந்தமைவது உத்திராட நாளில். அதுவே அப்பெரியவர் பிறந்த விண்மீனும் ஆகும். 2013 திசம்பரில் அவர் 91 ஆம் வயதில் மறைந்தபின், 1949 இல் பிறந்த மூலம் திருநாள் இராமவர்மர் தமது 64 ஆம் வயதில் தலைமை ஏற்றார். வில் மீண்டும் ஒரு முதியவரின் கைக்கே சென்றது.

இடையில் கோயில் நிருவாக உரிமை பற்றிய வழக்கொன்றும் எழுந்தது. 2011 சனவரியில் கேரள உயர்நீதிமன்றம் குடும்பத்திற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. 2020 சூலை 13 ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை மாற்றி, கோயிற்பணி உரிமை 1991 க்குப் பின்னும் குடும்பத்திற்கு உண்டு என்று முடிவு செய்தது. ஆட்சி வேறு, திருப்பணி வேறு என்பதை நாட்டின் உயர்ந்த மன்றமே ஏற்றுக்கொண்டது எனலாம்.

காட்டு வில்லின் கதை

அரண்மனை வில்லைப் பற்றிப் பேசுங்கால் காட்டு வில்லை மறத்தல் தகாது. நகருக்குக் கிழக்கே அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணிக்காரர் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியவர்கள். அவர்தம் தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். மருந்தும் மந்திரமும் அறிந்த பெரியவர் பிலாத்தி எனப்படுவார். ஓணக் காலத்தில் தேனும் பிற மலைப்பொருள்களும் கொண்டுவந்து அரண்மனைக்கு அளிப்பது அவர்களது பழைய வழக்கம்.

1958 இல் நெய்யாறும் 1983 இல் பேப்பாறையும் சரணாலயங்கள் ஆயின. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. காட்டு வில் ஓய்ந்தது; ஓய்ந்ததும் நன்றே. எனினும் வேட்டைப் பாதையில் பெற்ற அறிவு ஓயவில்லை. 1987 இல் ஆராய்ச்சியாளர் சிலர் காணிக்காரரை வழிகாட்டிகளாகக் கொண்டு அம்மலையில் ஏறினர். வழிகாட்டிகள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். அதுவே ஆரோக்கியப் பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைக்கொண்டு ஜீவனி என்னும் மருந்தை ஆக்கினர். வருவாயில் ஒரு பங்கு காணிக்காரருக்கும் தரப்பட்டது. கையிலிருந்த வில் போன பின்னும் வேட்டுவக் குடியின் அறிவுக்கு மதிப்புக் குன்றவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

முதுமைக்கு ஏற்ற கலை

முதியோர்க்கு வில் ஏற்றதா என்று கேட்பார்க்குப் பாரதமே விடை தரும். குருச்சேத்திரத்தில் கௌரவர் படைக்கு முதலில் தலைமை தாங்கியவர் இளைஞனான கர்ணன் அல்லன். அனைவர்க்கும் பாட்டனான பீஷ்மர். 10 நாள் அவர் வில் ஓயவில்லை. மேனாட்டிலும் சான்றுகள் உள. 1904 ஆம் ஆண்டு செயின்ட் லூயி ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்கரான சாமுவேல் டுவால் 68 ஆம் வயதில் வில்வித்தைக் குழுவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1908 ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் ஆங்கில மாது குவீனி நியூவால் 53 ஆம் வயதில் தங்கப் பதக்கம் வென்றார்.

இஃது எவ்வாறு இயலும்? ஓட்டப் பந்தயத்தில் காலின் வேகமே வெற்றி. அது வயதோடு குறையும். வில்லிலோ வலிமை ஒரு பகுதியே. நாணை இழுக்க இழுக்க வில்லின் எதிர்ப்பு மிகும்; முழுதும் இழுத்து அசையாது நிறுத்துங்கால்தான் தோள் மிகவும் வருந்தும். ஆகவே முதியவர் இலகுவான வில்லை எடுத்து, இலக்கை அண்மையில் வைத்துக்கொண்டால் போதும். மூச்சை அடக்குதல், கண்ணை நிறுத்துதல், விடும் கணத்தை அறிதல் ஆகிய மூன்றும் பழக்கத்தால் வருவன. ஆண்டுகள் அவற்றை வளர்க்கவே செய்யும். பள்ளிவேட்டையில் இலக்கு அண்மையில் இருப்பது முதியவர்க்கு இழிவன்று. கடமையைக் கைவிடாமல், அதன் பாரத்தை மட்டும் உடலுக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் அறிவுடைமையே அது.

நமக்கு ஒரு பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நம் காலனிக் குடும்பங்கள் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்து, வாடகை வீடுகளில் வாழ்ந்து, சங்கத்தையும் பள்ளியையும் பசனை மடத்தையும் தோற்றுவித்த நம் பெரியவர்கள் இன்று முதுமை எய்தியுள்ளனர். அன்பு மிகுதியால் நாம் அவர்களை நோக்கி, 'நீங்கள் ஓய்வெடுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறோம். பொங்கல் விழாக் கணக்கும், நூலகச் சாவியும், சிறுவர்க்குத் தமிழெழுத்துக் கற்பிக்கும் வகுப்பும் ஒவ்வொன்றாக அவர்கள் கையை விட்டு நீங்குகின்றன. விழா மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் அவர்களிடம் கேட்க ஒன்றுமில்லாதவராய்க் கடந்து செல்கிறோம். இது மரியாதைபோல் தோன்றும் புறக்கணிப்பாகும்.

பள்ளிவேட்டை கற்பிக்கும் முறை வேறு. எண்பது வயதினர் ஒருவரை நாற்காலியில் அமர்த்தி மாலையிடுவதோடு அது நின்றுவிடவில்லை. வில்லை அவர் கையிலேயே கொடுத்தது. இலக்கை மட்டும் அருகில் வைத்தது. நாமும் அவ்வாறே செய்தல் கூடும். நீண்ட வகுப்பு இயலாதாயின் வாரம் ஒரு கதை சொல்லட்டும். கணக்கெழுதக் கண் ஒத்துழையாதாயின் அருகிருந்து வழிகாட்டட்டும். எந்தக் கடமையானாலும் அது உண்மையான கடமையாக இருத்தல் வேண்டும். அவர் வாராவிடில் அவ்விழா தொடங்காது என்னும்படி இருத்தல் வேண்டும்.

அடுத்த ஐப்பசியில் வாத்தியமின்றி ஊர்வலம் செல்லும் அவ்விரவில், நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று சுந்தரவிலாசத்தின் முன்னர் நிறுத்துவோம். இளநீர் பிளப்பதை மட்டுமன்றி, அம்பை விடும் கையையும் காணச் செய்வோம். காணும் பிள்ளைகள் நாளை நம்மையும் அவ்வாறே நடத்துவர். வாழ்க நம் முதியோர்! வளர்க நம் சங்கம்!