முடவனார் என்னும் பெயர்

சங்கப் புலவர் வரிசையில் ஐயூர் முடவனார் என்று ஒருவர் உண்டு. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது, அவனுக்குத் தாழி வனையும் குயவனை நோக்கிப் பாடிய புறநானூற்றின் 228ஆம் பாட்டு இவருடையது. ஆய் அண்டிரனின் கொடையைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இன்னொருவர். முடம் என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய இவர்களைத் தமிழ் எப்படி அழைத்தது என்று பார்த்தால், முன்பின் அறியாத ஒருவரிடம் அவருடைய உடலைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதும் தெளிவாகும்.

முடம் என்பதன் வேர் 'முட' என்பது. வளைதல், மடங்குதல் என்பதே அதன் பொருள். முடங்கு, முடக்கு எல்லாம் அதன் கிளைகள். சுருட்டி அனுப்பும் ஓலைக் கடிதத்துக்கு முடங்கல் என்று பெயர். மூட்டு முடக்குக்குச் சமைத்துண்ணும் கீரை முடக்கத்தான். வளைந்து வளர்ந்த தென்னையை முடத்தெங்கு என்கிறது நன்னூல். ஆக, முடம் என்ற சொல் பிறந்தபோது அதில் இகழ்ச்சி இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு வடிவத்தைச் சொன்னது, அவ்வளவுதான்.

மரியாதையும் அவமதிப்பும் அந்த வேரைச் சுற்றி வந்து சேர்ந்தவை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. உயர்திணைக்குரிய மனிதரைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் பெயர்களை அது அடுக்குகிறது. அவற்றில் 'உறுப்பின் கிளவி'யும் ஒன்று. உறுப்பை வைத்து ஒருவரைச் சுட்டும் சொல். அரசு, மகவு, குழவி ஆகியவையும் அதே பட்டியலில் இருப்பதால் இதை இகழ்ச்சி என்று கொள்ள முடியாது. ஆனாலும் இலக்கணம் காட்டும் நுட்பம் ஆழமானது: ஒருவரை உறுப்பால் மட்டும் சுட்டினால், 'வந்தார்' என்று முடிய வேண்டியது 'வந்தது' என்று முடிந்துவிடுகிறது. இன்றும் தெருவில் 'நொண்டி ஒண்ணு வருது' என்று சொல்கிறோமே, அந்த 'வருது'வில் ஒரு மனிதர் பொருளாகிப் போகிறார்.

ஐயூர்ப் புலவரை நம் முன்னோர் அப்படி விடவில்லை. முடவன் என்பதோடு 'ஆர்' சேர்த்து முடவனார் என்றார்கள். உடலின் நிலையை மறைக்கவில்லை; அதைச் சொல்லியே உயர்த்தினார்கள்.

அவர் தம்மைப் பற்றிப் பேசிய இடமும் கிடைத்திருக்கிறது. புறநானூற்றின் 399ஆம் பாட்டில் தாமான் தோன்றிக்கோன் என்ற தலைவனிடம் தமக்கு வேண்டியது ஓர் எருது என்கிறார். நடக்க இயலாதவருக்கு வண்டி இழுக்க எருது தேவை. அவன் ஊர்தியோடு மாட்டு நிரையையே தந்ததாகப் பாட்டு முடிகிறது. அவருடைய கால் ஏன் அப்படி ஆயிற்று, பிறவியிலா, நோயிலா, போரிலா? பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அவரைப் படிக்கிறோம்; அந்தக் காரணம் தெரியாததால் அவர் கவிதை சிறிதும் குறைந்துவிடவில்லை.

பின்னாளில்தான் சொல்லோடு ஏளனம் ஒட்டியது. 'முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டது போல' என்ற பழமொழி, அவன் ஆசைப்படுவதையே கேலியாக்குகிறது. சீதக்காதி நொண்டி நாடகம் முதலான நொண்டி நாடகங்களின் நாயகன், திருடித் தண்டனையாகக் கால் இழந்து, இறையருளால் அதைத் திரும்பப் பெறுபவன். கேட்டுப் பழகிய அந்தக் கதையில் குறை என்பது குற்றத்தின் அடையாளம். 'என்ன ஆச்சு, பொறவியிலேயேவா?' என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும்போது, 'யார் செய்த பாவமோ' என்ற பெருமூச்சும் பின்னாலேயே வருவது இதனால்தான் போலும்.

ஊனம், அங்கவீனம் என்ற மற்றச் சொற்களும் குறைவு என்று பொருள்படும் வடசொற்களிலிருந்து எழுந்தவை. 1995ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை நாம் ஊனமுற்றோர் சட்டம் என்றே அறிந்தோம். 2010இல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, தமிழ்நாடு அரசு 'மாற்றுத்திறனாளி' என்பதை ஆட்சிச் சொல்லாக்கியது. குறையைச் சொன்ன இடத்தில் திறன் வந்து அமர்ந்தது நல்ல மாற்றம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21 ஆக விரித்தது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுவிடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்றும் அதன் 92ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் 'மாற்றுத்திறனாளியா நீங்க? எப்படி ஆச்சு?' என்று கேட்டால், பெயர் மாறியதே தவிரக் கேள்வி மாறவில்லை. மருத்துவருக்குக் காரணம் தேவை. வழிப்போக்கருக்கு எதற்கு? நமக்கு அது ஒரு நிமிட ஆவல். அவருக்கோ, வாழ்வின் மிக வலித்த நாளை ஒவ்வொரு பேருந்திலும் புதியவர் ஒருவருக்கு மறுபடி சொல்லும் பாரம். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

கேட்க வேண்டியது ஒன்றே: 'ஏதாவது உதவி வேண்டுமா?' 'வேண்டாம்' என்றால் அதோடு நிறுத்துங்கள். சக்கர நாற்காலியை அனுமதியின்றித் தள்ளாதீர்கள். வெள்ளைக்கோல் பிடித்தவரின் கையைப் பற்றி இழுக்காமல், அவர் பிடித்துக்கொள்ள உங்கள் முழங்கையைக் கொடுங்கள். கூட வந்தவரைப் பார்த்து 'இவருக்கு என்ன வேணும்?' என்று கேட்காமல், அவரையே பார்த்துக் கேளுங்கள். குழந்தை உரக்கக் கேட்டுவிட்டால் அதட்ட வேண்டாம். 'அவங்க அப்படித்தான் நடப்பாங்க' என்று அமைதியாகச் சொன்னால் போதும்.

தோன்றிக்கோன் புலவரின் தேவையைக் கேட்டான், கொடுத்தான். நாமும் காரணத்தை விட்டுவிட்டுத் தேவையைக் கேட்போம்.