குடியுரிமை விண்ணப்பம்: வழக்கறிஞர் எங்கே உதவுவார், எங்கே உதவ முடியாது?

இப்படி வைத்துக்கொள்வோம். 1987 ஜூன் 30 அன்று மண்டபம் முகாமில் ஒரு குழந்தை பிறக்கிறது. மறுநாள், ஜூலை 1 அன்று, பக்கத்து வீட்டில் இன்னொரு குழந்தை. இரண்டு குழந்தைகளின் பெற்றோரும் இலங்கையிலிருந்து படகில் வந்த தமிழர்கள். முதல் குழந்தை சட்டப்படி பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். இரண்டாவது குழந்தை அப்படி இல்லை. வித்தியாசம் ஒரே ஒரு நாள்தான்.

குடியுரிமைச் சட்டம் இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் தேதிக்கும் பிரிவு எண்ணுக்கும் இருக்கிற மதிப்பு உணர்ச்சிக்குக் கிடையாது. உங்களுடன் பெங்களூரில் வேலை பார்க்கும் முகாம் வாழ் நண்பர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்கள் கணவர் அல்லது மனைவி, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு ஓசிஐ அட்டையோடு ஊர் திரும்பிய அண்ணன் என்று யாருக்கு இந்தக் கேள்வி வந்தாலும், வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன் கீழே உள்ளதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் கேள்வி: விண்ணப்பிக்கத் தேவை இருக்கிறதா?

நல்ல வழக்கறிஞர் படிவத்தை எடுக்கும் முன் பிறந்த தேதியைக் கேட்பார். குடியுரிமைச் சட்டம், 1955-இன் 3-வது பிரிவு இந்தியாவில் பிறந்தவர்களை மூன்றாகப் பிரிக்கிறது.

• 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்தவர்கள்: பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் இந்தியக் குடிமக்கள். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.
• 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்கள்: பிறந்த நேரத்தில் அப்பா அல்லது அம்மா, ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.
• 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்கள்: இருவரும் இந்தியர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் 1986-இல் மண்டபத்தில் பிறந்தவர். அவருடைய கடவுச்சீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் அவர் தரப்பு வைத்த வாதம் எளிமையானது: அவர் குடியுரிமை கேட்டு வரவில்லை, அது ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், 3-வது பிரிவைச் சுட்டிக்காட்டிக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அந்தப் பெண் முதல் முறையாக வாக்களித்தார்.

அவர் ‘குடியுரிமை கொடுங்கள்’ என்று படிவம் நிரப்பியிருந்தால், தான் வெளிநாட்டவர் என்று தானே எழுதிக்கொடுத்ததாக ஆகியிருக்கும். வழக்கறிஞர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி சில நேரம் இதுதான்: தப்பான படிவத்தில் கையெழுத்துப் போடவிடாமல் தடுப்பது.

எந்த வழி, எத்தனை வருஷம்?

பிறப்பால் கிடைக்கவில்லை என்றால் முக்கியமாக இரண்டு வழிகள்: பதிவு செய்து பெறுவது (பிரிவு 5), நீண்ட காலம் வாழ்ந்து பெறுவது (பிரிவு 6). நம்மில் பலருக்குப் பொருந்தக்கூடியவை இவை:

• இந்தியரைத் திருமணம் செய்தவர்: 7 வருஷம் இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டும். படிவம் 3.
• இந்திய வம்சாவளியினர்: இதற்கும் 7 வருஷம். படிவம் 2.
• ஓசிஐ அட்டைதாரர்: அட்டை வாங்கி 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டும். படிவம் 7.
• வேறு தொடர்பு இல்லாத வெளிநாட்டவர்: விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாக, அதற்கு முந்தைய 14 வருஷத்தில் மொத்தம் 11 வருஷம். அரசியல் சாசனத்தின் 8-வது அட்டவணையில் உள்ள ஒரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் போதும். படிவம் 8.

‘7 வருஷம்’ என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதம் இடைவெளி இல்லாமல் இங்கே இருக்க வேண்டும். அதற்கு முந்தைய 8 வருஷத்தில் மொத்தம் 6 வருஷம் இருந்திருக்க வேண்டும். ஐடி வேலையில் ‘ஆன்சைட்’ போகும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நீங்கள் மூன்று மாதம் லண்டன் போகும்போது உங்கள் வெளிநாட்டு மனைவியும் கூடவே வந்தால், அவருடைய 12 மாதக் கணக்கு உடைந்துவிடும். சிறப்புச் சூழல் இருந்தால் அதிகபட்சம் 30 நாள் வரைதான் மத்திய அரசால் தளர்த்த முடியும். கடவுச்சீட்டில் உள்ள ஒவ்வொரு குடிவரவு முத்திரையையும் எடுத்து நாள் எண்ணி, ‘இப்போது வேண்டாம், நாலு மாதம் கழித்துப் போடுங்கள்’ என்று சொல்வதும் வழக்கறிஞரின் வேலைதான்.

பெங்களூரில் எப்படி நடக்கும்?

விண்ணப்பம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் ஆன்லைனில் பதிவாகும். அசல் ஆவணங்களோடு மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். கர்நாடகத்தில் அந்தப் பதவிக்கு துணை ஆணையர் என்று பெயர். ஆட்சியர் 60 நாளில் மாநில அரசுக்கும், மாநில அரசு 30 நாளில் மத்திய அரசுக்கும் அனுப்ப வேண்டும் என்கின்றன 2009-இன் குடியுரிமை விதிகள். இடையில் காவல்துறை விசாரணையும் பாதுகாப்பு அனுமதியும் உண்டு. விசா, பதிவு, தங்கும் அனுமதி தொடர்பான வேலைகள் சாந்திநகர் பேருந்து நிலையக் கட்டடத்தில் இயங்கும் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்தில், அதாவது எஃப்ஆர்ஆர்ஓவில் நடக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஏற்புக் கடிதம் வரும். அதன் பிறகுதான் பழைய நாட்டுக் குடியுரிமையைத் துறந்த சான்று, கட்டணம், விசுவாச உறுதிமொழி எல்லாம். இந்த வரிசை முக்கியம். கடிதம் வரும் முன்பே பழைய குடியுரிமையைத் துறந்துவிட்டால், நடுவில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த வழியில் வழக்கறிஞரின் வேலைகளைச் சுருக்கமாகச் சொன்னால்:

• பெயர் முரண்பாடுகளைச் சரிசெய்வது. பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் வேறு எழுத்து, அப்பா பெயர் ஒரு இடத்தில் முதலெழுத்து, இன்னொரு இடத்தில் குடும்பப் பெயர் என்றால், தமிழர் பெயர்களில் இது அன்றாடக் கதை. உறுதிமொழிப் பத்திரத்தோடு முன்கூட்டியே விளக்கிவிடலாம்.
• விசா காலாவதியான நாட்களைக் கண்டுபிடிப்பது. ஒருநாள் விசா இல்லாமல் தங்கியிருந்தாலும் கேள்வி வரும்.
• மறைக்கக் கூடாததைச் சொல்ல வைப்பது. தவறான தகவல் தந்தால் 5 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பின்னாளில் தெரிந்தால், பதிவு மூலமோ நீண்டகால வசிப்பின் மூலமோ கிடைத்த குடியுரிமையையே பறிக்கலாம்.
• கோப்பு நகராதபோது எழுத்தில் நினைவூட்டுவது. அப்படியும் நகரவில்லை என்றால், அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில், ‘ஒரு முடிவெடுக்கச் சொல்லுங்கள்’ என்று மனு போடுவது.

இலங்கைத் தமிழர்களுக்கு ஏன் இவ்வளவு சிக்கல்?

2021-இல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு 34,087 பேர். 1983-க்குப் பிறகு படகேறி வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் இதில் பெரும்பாலோர். பலர் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் வந்தவர்கள். அதனால் சட்டத்தின் பார்வையில் ‘சட்டவிரோதக் குடியேறி’. அந்த முத்திரை விழுந்தவருக்கு 5-வது பிரிவு, 6-வது பிரிவு இரண்டு கதவும் மூடியிருக்கும். 30 வருஷம் இங்கே வாழ்ந்தாலும் ஒரு நாள்கூடக் கணக்கில் வராது.

அது அடுத்த தலைமுறை வரை நீள்கிறது. முகாமைச் சேர்ந்த ஒரு பெண் தமிழ்நாட்டு இளைஞரைத் திருமணம் செய்கிறார். 2004 டிசம்பருக்குப் பிறகு பிள்ளை பிறக்கிறது. அப்பா இந்தியர்தான். ஆனால் அம்மா ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று கருதப்பட்டால் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை.

2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் ஆறு மதத்தவருக்கு இந்தத் தடையை நீக்கியது. அதன் விதிகள் 2024 மார்ச் 11 அன்று வந்தன. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு சிறிய நிவாரணம் கிடைத்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு, புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு. நிம்மதிதான். ஆனால் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் காசு கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மலையகத் தமிழர்களின் கதை இன்னொரு விதம். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அப்படித் தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் கர்நாடகத்திலேயே, தட்சிண கன்னடத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதி ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். 1984-இல் தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. பிறகு அதே சமூகத்தைச் சேர்ந்த பலர் அகதியாகப் படகில் வந்தார்கள். அரசுப் பதிவேட்டிலும் அகதி என்றே ஏறினார்கள். இவர்களின் வழக்கறிஞர் முதலில் தேடுவது தாத்தா காலத்து இரும்புப் பெட்டியைத்தான்: பழைய இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துப் பதிவு. 2019 ஜூன் 17 அன்று, இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில் மதுரை அமர்வு, அவர்கள் புதிதாக மனு கொடுக்கலாம், 16 வாரத்தில் மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும் என்றது. கவனியுங்கள், நீதிமன்றம் குடியுரிமையைத் தானே கொடுக்கவில்லை. இப்படி ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பை யாராவது காட்டினால், அது மேல்முறையீட்டில் என்ன ஆனது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

வழக்கறிஞரால் முடியாதது என்ன?

பதிவு, நீண்டகால வசிப்பு விண்ணப்பங்களில் அரசு தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது 14-வது பிரிவு. அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போவதையும் அந்தப் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மறுஆய்வு கேட்க 30 நாள் கெடு. ஆக, ‘கண்டிப்பா வாங்கித் தர்றேன்’ என்று எந்த வழக்கறிஞரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரைவிட்டு விலகிவிடுங்கள்.

இன்னொரு பொறி: ஆதார், பான் எண், ஓட்டுநர் உரிமம் எதுவும் குடியுரிமைச் சான்று ஆகாது. குடியுரிமை இல்லாதவருக்கு ‘முதல்ல வாக்காளர் அட்டை எடுத்துடலாம், பின்னால உதவும்’ என்று யாராவது யோசனை சொன்னால், அது உதவாது. அதுவே குற்றமாகி, உண்மையான விண்ணப்பத்தையும் கெடுக்கும்.

யாரிடம் போவது?

பார் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். உங்களைப் போன்ற வழக்கை நடத்தியிருக்கிறாரா, எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். கட்டணத்தை நிலைவாரியாக எழுதி வாங்குங்கள்: ஆலோசனைக்கு எவ்வளவு, விண்ணப்பத்துக்கு எவ்வளவு, வழக்கு என்று போனால் எவ்வளவு. அசல் ஆவணங்களை அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் போதும்.

பணம் இல்லையா? 1987-இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் போன்றோருக்கு இலவச வழக்கறிஞரைத் தருகிறது. பெங்களூரில் கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் எச்.சித்தய்யா சாலை ‘நியாய தேகுலா’ கட்டடத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் இருவரின் பிறந்த தேதி, ஊர், அப்போதைய குடியுரிமை, இந்தியா வந்த நாள், வந்த வழி, ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்தின் தேதி. இதை வீட்டில் உட்கார்ந்து அம்மா அப்பாவிடம் கேட்டு எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பாதி வழக்கு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் இந்தியக் குடிமகனாக இருந்தால் உங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. சில விண்ணப்பங்களுக்கு, மனுதாரரின் நன்னடத்தைக்கு இந்தியக் குடிமகன் ஒருவர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். அலுவலக நண்பர் தயங்கித் தயங்கிக் கேட்பதற்கு முன், ‘நான் கையெழுத்து போடறேன்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.