12 வோல்ட் ஏன் 6.96 ஆச்சு? மதர்போர்டு சென்சார்களின் சின்ன வரலாறு

இந்த எபிசோட் கொஞ்சம் ஹார்டுவேர், கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் என் முட்டாள்தனம். மூணாவதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஒரு சீனியர்கிட்ட வாங்கின பழைய டெஸ்க்டாப்லதான் என் ப்ராஜெக்ட் மொத்தமும் இருந்துச்சு. கோடு கம்பைல் பண்ண ஆரம்பிச்சா பத்தாவது நிமிஷம் மெஷின் பொட்டுனு அணைஞ்சிடும். ரிவ்யூவுக்கு மூணு வாரம்தான் இருக்கு. லினக்ஸ்ல சென்சார் ரீடிங் எடுத்துப் பாத்தேன். 12 வோல்ட் லைன்ல 6.96 வோல்ட்னு காட்டுச்சு. 'எஸ்எம்பிஎஸ் போச்சு'ன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். அப்பாகிட்ட 2,800 ரூபாய் வாங்கி, ரிச்சி ஸ்ட்ரீட் போய் புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினேன். திரும்ப ரீடிங் எடுத்தேன். அதே 6.96.

அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

12 வோல்ட்டைப் பார்க்கவே முடியாத சிப்

1990-களின் நடுவில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் எல்எம்78 என்ற சிப்பைக் கொண்டு வந்தது. கம்ப்யூட்டருக்கு ஒரு நர்ஸ் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஏழு வோல்டேஜ், மூணு ஃபேன் வேகம், ஒரு வெப்பநிலை, இவ்வளவையும் அது ஒண்ணே கவனிக்கும்.

அதுக்குள்ள இருக்கிறது 8 பிட் கன்வெர்ட்டர். அதாவது மொத்தம் 256 படிகள். ஒரு படிக்கு 16 மில்லிவோல்ட். பெருக்கிப் பாத்தா உச்சவரம்பு சுமார் 4.096 வோல்ட். அப்போ 12 வோல்ட்டை எப்படி அளக்கும்? நேரடியா அளக்காது. மதர்போர்டு டிசைன் பண்றவர் நடுவில் ரெண்டு ரெசிஸ்டர் வைத்து வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பார். 28 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ஜோடி வச்சா 12 வோல்ட் 3.8-ஆல வகுபட்டு, சிப்போட காலுக்கு 3.16 வோல்ட்தான் போகும். திரையில் காட்டும்போது சாஃப்ட்வேர் அதை மறுபடி 3.8-ஆல பெருக்கணும்.

அந்த 3.8 சிப்புக்குள்ள எங்கேயும் எழுதப்படலை. அது போர்டுல இருக்கிற ரெசிஸ்டர்ல இருக்கு. பயாஸ் எழுதினவங்களுக்கு அது தெரியும், அது அவங்க போர்டு. வெளியில் இருந்து வர்ற லினக்ஸுக்கு எப்படித் தெரியும்?

கையால் எழுதின கணக்கு

1990-களின் இறுதியில் எல்எம்-சென்சார்ஸ் என்ற திறந்த மூலத் திட்டம் வளர்ந்தது. ஃப்ரோடோ லோயார்ட், ஃபிலிப் எடெல்ப்ராக் போன்றவர்கள் அதன் ஆரம்பகால முக்கிய டெவலப்பர்கள். அவங்க ஒரு வேலைப் பிரிவினை செஞ்சாங்க. டிரைவர் வேலை, சிப்போட காலில் இருக்கும் வோல்டேஜை அப்படியே சொல்வது. எதால பெருக்கணும் என்பது தனியா ஒரு கான்ஃபிக் ஃபைல்ல இருக்கும். எந்தப் போர்டுல எந்த ரெசிஸ்டர் என்பதைப் பயன்படுத்துறவங்க கண்டுபிடிச்சு எழுதிக்கலாம்.

இது நேர்மையான முடிவுன்னுதான் எனக்குத் தோணுது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி டிரைவருக்குள்ள எழுதி வைக்கலை. ஆனா அந்த ஃபைலை என்னை மாதிரி ஆளும் தொடலாம், அதான் சிக்கல்.

நான் செஞ்சது இதுதான். பழைய போர்டு ஒண்ணுக்கு எழுதின வரிகளைக் காப்பி அடிச்சு, சிப் பெயரையும் லைன் எண்ணையும் மட்டும் மாத்தி ஒட்டிட்டேன். என் போர்டுல இருந்தது விண்பாண்ட் கம்பெனியோட அடுத்த தலைமுறை சிப். அதில் ஒரு படி 8 மில்லிவோல்ட். துல்லியம் ரெண்டு மடங்கு, ஆனா உச்சவரம்பு பாதி, 2.048 வோல்ட். பழைய 3.16 வோல்ட் அதுக்குள்ள அடங்காது. அதனால ரெசிஸ்டரும் மாறிடுச்சு: 56-க்கு 10. பெருக்க வேண்டிய எண் 6.6.

சிப் அளந்தது 1.832 வோல்ட். 3.8-ஆல பெருக்கினா 6.96. 6.6-ஆல பெருக்கினா 12.09. சிப் சரியாத்தான் சொல்லியிருக்கு. கணக்குதான் தப்பு.

கேள்வி கேட்டதுக்கே செத்துப்போன லேப்டாப்கள்

எனக்கு 2,800 ரூபாயோட போச்சு. 2000-களின் தொடக்கத்தில் சிலருக்கு லேப்டாப்பே போச்சு.

எல்எம்-சென்சார்ஸ் உங்க மெஷினில் என்ன சிப் இருக்குன்னு கண்டுபிடிக்க, எஸ்எம்பஸ் என்ற கம்பி வழியா ஒவ்வொரு முகவரியிலும் 'யாராவது இருக்கீங்களா?'ன்னு தட்டிப் பார்க்கும். அப்போதைய சில ஐபிஎம் திங்க்பேட்களில் அதே கம்பியில் அட்மெல்லோட ஒரு சின்ன மெமரி சிப் இருந்தது. கதவைத் தட்டின அந்தச் சத்தத்தை அந்தச் சிப் எழுதுவதற்கான கட்டளையா எடுத்துக்கிட்டுச்சு. உள்ளே இருந்த தகவல் கெட்டுப்போனது. அடுத்த முறை ஆன் பண்ணினா லேப்டாப் பூட் ஆகாது.

டெவலப்பர்கள் எச்சரிக்கை எழுதினாங்க. பிறகு டிரைவரே ஐபிஎம் லேப்டாப்பை அடையாளம் கண்டால் லோடாக மறுக்கும்படி மாத்தினாங்க. வெறுமனே 'அளந்து பார்ப்பது' கூட ஆபத்தில்லாத செயல் இல்லைன்னு அந்தத் தலைமுறை கத்துக்கிட்டது இப்படித்தான்.

மெக்கானிக் அண்ணனின் மஞ்சள் வயர்

என் கதைக்கு வர்றேன். ஹாஸ்டல் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக் அண்ணன். ரீடிங்கைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, ஃபேன் சுத்துதா?"

"சுத்துதுண்ணே."

"ஹார்டு டிஸ்க் ஓடுதா?"

"ஓடுது."

"அப்புறம் எங்கேயிருந்து வந்துச்சு ஏழு வோல்ட்டு?"

மல்டிமீட்டரை எடுத்து கருப்பு வயர்ல ஒரு முனை, மஞ்சள் வயர்ல ஒரு முனை வச்சார். 12.08. உண்மையிலேயே 7 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தா டிஸ்க்கே ஒழுங்கா சுத்தியிருக்காது. அப்போதைய ஏடிஎக்ஸ் வரையறைப்படி அந்த லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவுல இருந்திருக்கணும். நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச எனக்கு அந்த ரெண்டு கேள்வி தோணலை.

அப்போ மெஷின் ஏன் அணைஞ்சுது? அதே ரீடிங்கில் ரெண்டு வரி கீழே பிராசஸர் வெப்பநிலை 90-ஐத் தாண்டி இருந்தது. ஹீட்சிங்க் முழுக்கத் தூசி. சுத்தம் பண்ணி, தெர்மல் பேஸ்ட் மாத்தினோம். அண்ணன் வாங்கினது 150 ரூபாய். ரிவ்யூவுக்கு ப்ராஜெக்ட் ஓடுச்சு. அப்பாகிட்ட உண்மையைச் சொன்னது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

உங்க மெஷின்லயும் வினோதமான வோல்டேஜ் தெரிஞ்சா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, பயாஸ் ஸ்க்ரீன்ல என்ன காட்டுதுன்னு பாருங்க. ரெண்டு, மெஷினுக்கு லோடு கொடுத்துப் பாருங்க. உண்மையான கோளாறுன்னா லோடு ஏறும்போது எண் சரியும். கணக்குத் தப்புன்னா அந்தத் தப்பு எப்பவும் ஒரே விகிதத்தில் இருக்கும். மூணு, மல்டிமீட்டர். கூடவே ஒண்ணு: மைனஸ் 12 மாதிரி லைனில் கன்னாபின்னான்னு எண் வந்தா, அந்தச் சிப்போட கால் போர்டில் எங்கேயும் இணைக்கப்படாமலே இருக்கலாம். அதைப் பாத்துப் பயப்படாதீங்க.

இன்னிக்கு ஆஃபீஸ்ல டாஷ்போர்டுல ஒரு எண் சிவப்பா மாறினா, நான் முதல்ல கேக்கிறது அண்ணனோட கேள்விதான்: ஃபேன் சுத்துதா?