இரத்தத்தில் உள்ளதோ? ஆமிஷ் மக்களின் நூறாண்டுச் சான்று

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்திலே லங்காஸ்டர் பகுதியில் வாழும் பழைய முறை ஆமிஷ் மக்கள், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து சமயச் சுதந்திரம் நாடிக் குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல்களாவர். இன்றும் குதிரை வண்டியிற் செல்லும் இம் மக்கள் தம்முள்ளேயே மணம் புரிவர். தம் குலவழியைத் தலைமுறை தலைமுறையாக எழுத்திற் பேணுவர். மணமுறிவும் மதுப்பழக்கமும் குற்றச் செயலும் அவர்களிடையே மிக அரியன.

பிரெஞ்சு அறிஞர் எமில் தூர்க்கைம் 1897இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய நூலில், சமூகப் பிணைப்புத் தளர்ந்தவிடத்தே தற்கொலை மிகும் என நிறுவினார். பரம்பரையை ஒரு காரணமாகக் கொள்ள அவர் உடன்படவில்லை. ஆமிஷ் சமூகமோ பிணைப்புத் தளராதது. ஆயினும் ஆங்கும் தற்கொலை நிகழ்ந்தது. அதனைக் குறித்து அம் மக்கள் தம் ஜேர்மானியக் கிளைமொழியிலே, ‘அது இரத்தத்தில் உள்ளது’ என்று கூறி வந்தனர்.

அக் கூற்றின் மெய்ம்மையை ஜானிஸ் ஈகிலண்ட் அம்மையாரும் ஜேம்ஸ் சசெக்சும் ஆராய்ந்து 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். 1880 முதல் 1980 வரையுள்ள நூறாண்டில் நிகழ்ந்த தற்கொலைகள் 26. தூர்க்கைமின் கொள்கைக்கு இவ்வெண்ணின் சிறுமை ஒருவாறு துணைநிற்கின்றது எனலாம். ஆனால் அவ்வாறு இறந்தோருள் 24 பேர் இருமுனை உளநோய் அல்லது கடுஞ்சோர்வு நோய் போன்ற மனநிலை நோயுற்றிருந்தோர். மேலும், சமூகத்தில் நூற்றுக்கு 16 பேரே அடங்கிய நான்கு குலவழிகளில் நூற்றுக்கு 73 வீதமான தற்கொலைகள் நிகழ்ந்திருந்தன.

இவ்வாய்வின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. மனநிலை நோய் மலிந்திருந்தும் தற்கொலை ஒன்றேனும் நிகழாத குலவழிகளும் அச் சமூகத்தில் இருந்தன. ஆகவே நோய்க்குரிய பரம்பரைப் பண்பு மாத்திரமன்றி, தற்கொலைக்கு ஏதுவான பண்பொன்றும் ஓரளவு தனித்து இறங்குகின்றது என்ற ஐயம் வலுப்பெற்றது. ஒரே குடும்பத்தில் வளர்வோர் ஒருவரைக் கண்டு ஒருவர் பின்பற்றுதலும் கூடுமன்றோ எனின், 1979இல் ஷுல்சிங்கர் முதலியோர் வெளியிட்ட டென்மார்க் ஆய்வு அதற்கு விடை கூறும். தற்கொலை செய்துகொண்ட தத்துப்பிள்ளைகளின் இரத்த உறவினர் 269 பேருள் 12 பேர் அவ்வாறே இறந்தனர்; ஒப்பீட்டுக்கெனக் கொண்ட ஏனைத் தத்துப்பிள்ளைகளின் இரத்த உறவினர் 269 பேருள் இருவரே அவ்வாறு இறந்தனர். வளர்த்த குடும்பத்தாருள் ஒருவருமில்லை.

ஆமிஷ் ஆய்வு அவசரத்தின் தீமைக்கும் சான்றாயிற்று. இருமுனை நோய்க்குரிய பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளதென ஈகிலண்டும் பிறரும் 1987இல் அறிவித்தனர். இரண்டு ஆண்டுகளுள், முன்பு நோயற்றவரெனக் கருதப்பட்டோர் சிலர் நோயுறவும், குலவழியின் பிற கிளைகள் ஆராயப்படவும், அம் முடிவு நிலைகுலைந்தது. ஓர் அலகைத் தேடிய காலம் அதனோடு கழிந்தது. 2021இல் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இருமுனை நோயாளரை ஆராய்ந்தோர் நோயுடன் தொடர்புற்ற 64 இடங்களைக் கண்டனர். ஒவ்வொன்றின் வலுவும் மிகச் சிறிது. 2022இல் தற்கொலைக்கு முயன்ற ஏறத்தாழ 30,000 பேரை ஆராய்ந்தபோது, உளநோய்களின் பங்கைக் கழித்த பின்னரும் 7ஆம் நிறமூர்த்தத்தில் ஓரிடத்தின் தொடர்பு எஞ்சி நின்றது. நான்கு குலவழிகளில் ஈகிலண்ட் கண்ட வேறுபாட்டுடன் இஃது ஒத்துச் செல்கின்றது. எனினும், குறித்த ஒருவர் தம் உயிரை மாய்ப்பாரோ என்று முன்னறிந்து கூற இவற்றுள் ஒன்றும் போதாது.